பூட்டும் கறையானும்

சென்ற திங்களின் இறுதியில் நமக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவள் கடலூர் முதுநகரில் வாழும் நம் நெடுநாளைய நண்பரின் மகள். சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரில், பல்கலைக்கழகத் துறை அலுவலகம் ஒன்றில் அவள் புதிதாகப் பணியேற்றிருக்கிறாள். நலம் விசாரித்து எழுதிய பின்னர் அவள் கேட்டிருந்தது இது:

"மாமா, என் மேசைக்குப் புதுக் கணினி ஒன்று வந்திருக்கிறது. பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. மாணவர் பட்டியல், ஆய்வேடுகளின் பதிவு, கட்டண விவரம் எல்லாம் இனி இதில்தான் இருக்குமாம். வேலையைத் தொடங்குமுன் நான் என்னென்ன செய்துகொள்ள வேண்டும்? வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒன்றைப் போட்டுவிட்டால் போதும் என்று தெரிந்தவர்கள் சொல்லுகிறார்கள். போதுமா?"

போதாது என்று ஒரே சொல்லில் மறுமொழி அனுப்பியிருக்கலாம். ஆனால் நம் வாசகர் இல்லங்களில் எத்தனையோ பிள்ளைகள் இன்று காலை ரயிலேறி, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று நிலையங்களைக் கடந்து சிதம்பரம் சென்று இத்தகைய மேசைகளில் அமருகின்றனர். வேறு ஊர்களில் பள்ளி, கல்லூரி, மருத்துவமனை அலுவலகங்களில் அமருவோரும் பலர். ஆகவே அவளுக்குரிய மறுமொழியை இத்திங்கள் இப்பக்கத்திலேயே எழுதுகிறோம்.

தில்லையில் நிகழ்ந்தது

சிதம்பரத்தில் பணிபுரிகின்றவளுக்குச் சிதம்பரத்துச் செய்தியையே முதலில் நினைவூட்ட விரும்புகிறோம். சோழ வேந்தன் இராசராசன் தேவாரப் பாடல்களைத் தேடியதையும், நம்பியாண்டார் நம்பியின் துணையால் அவை தில்லைக் கோயிலின் ஓர் அறைக்குள் இருப்பதை அறிந்ததையும் மரபுவழிச் செய்தி கூறுகிறது. அறை பூட்டப்பட்டிருந்தது. பாடிய மூவரும் நேரில் வந்தாலன்றித் திறக்கலாகாது என்று காவலர் மறுத்தனர். அரசன் மூவரின் திருவுருவங்களை எழுந்தருளச் செய்து, அவர்களே வந்துவிட்டனர் என்று கூறித் திறப்பித்தான். உள்ளே ஓலைச்சுவடிகளைக் கறையான் புற்று மூடியிருந்தது. எண்ணெய் வார்த்துப் புற்றைக் கரைத்து எடுத்தவற்றுள், அரிக்கப்பட்டவை போக எஞ்சியவற்றையே தொகுத்தனர். பாடப்பட்டவை பல்லாயிரம் என்று மரபு சொல்ல, இன்று நமக்குக் கிடைத்துள்ள தேவாரப் பதிகங்கள் எண்ணூற்றுக்கும் சற்றுக் குறைவே.

இச்செய்தியில் நாம் கருதத் தக்கது ஒன்றுண்டு. அந்த அறையின் பூட்டில் குறையேதும் இல்லை. அரசனையே வாயிலில் நிறுத்திவைத்த பூட்டு அது. ஆயினும் கறையானை அது தடுக்கவில்லை. சுவடிக்கு வேறோர் இடத்தில் மறுபடி ஒன்று இருந்திருக்குமாயின், கறையான் தின்றதைப் பற்றி எவரும் கவலைப்பட்டிருக்கமாட்டார்.

கணினிக்கும் பகை இவ்விரண்டே. ஒன்று திருடன், மற்றொன்று கறையான். திருடனுக்குப் பூட்டு வேண்டும். கறையானுக்கு மறுபடி வேண்டும். ஒன்றைச் செய்துவிட்டு மற்றொன்றை மறப்பவர்களே நம்முள் மிகுதி.

திருடன் வரும் வழி

நெதர்லாந்து நாட்டில் மாஸ்ட்ரிக்ட் என்னும் நகரத்தில் ஒரு பல்கலைக்கழகம் உண்டு. 2019 அக்டோபர் நடுவில் அங்குப் பணிபுரியும் ஒருவருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அதில் இருந்த இணைப்பை அவர் திறந்தார். அன்றைக்கு ஒன்றும் நிகழவில்லை. ஆனால் அவ்வழியே உட்புகுந்தவர்கள் இரண்டு திங்களுக்கு மேல் ஓசையின்றி உள்ளே நடமாடி, எந்தக் கதவு எங்கே இருக்கிறதெனப் பார்த்துவைத்துக்கொண்டனர். டிசம்பர் 23 அன்று, எல்லாரும் கிறிஸ்து பிறப்பு விடுமுறைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த வேளையில், 267 சர்வர்களைப் பூட்டிவிட்டுத் திறவுகோலுக்கு விலை கேட்டனர். காப்புப் படிகளுள் சிலவும் அதே இணைப்பில் இருந்தமையால் அவையும் பூட்டுண்டன. பல்கலைக்கழகம் 30 பிட்காயின், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 2 லட்சம் யூரோ, கொடுத்து மீள நேர்ந்தது. விசாரணையில் வெளியானவற்றுள் ஒன்று, சில சர்வர்களில் பாதுகாப்புத் திருத்தங்கள் முழுமையாகச் செய்யப்படவில்லை என்பது. அப்பல்கலைக்கழகத்தார் இவற்றை மறைக்காமல் 2020 பிப்ரவரியில் ஊரறிய வெளியிட்டது பாராட்டுக்குரியது.

அது அயல்நாடு, நம் நாட்டில் அப்படி நிகழாது என்று எண்ணவேண்டா. 2022 நவம்பர் 23 அன்று புதுடெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் இதே வகைத் தாக்குதல் நிகழ்ந்தது. நாள்தோறும் ஆயிரக்கணக்கான நோயாளிகள் வரும் அம்மருத்துவமனையில் பதிவுகளையெல்லாம் பல நாள் கையாலேயே எழுதினர்.

பெட்டியைப் பிரித்தபின்

ஆகவே, அம்மா, பெட்டியைப் பிரித்தவுடன் கணினியின் வரிசை எண்ணையும், வாங்கிய நாளையும், உத்தரவாதக் காலத்தையும் இருப்புப் பதிவேட்டில் எழுதிவிடு. அதன் பின்னர் யு.பி.எஸ். வழியாக மின்சாரம் கொடு. நம் கடலோரத்தில் மழைக்காலத்து மின்தடை எப்படிப்பட்டது என்பதை உனக்குச் சொல்லவேண்டுவதில்லை.

கணினி விழித்தெழுந்ததும் முதற்பணி அப்டேட் எனப்படும் திருத்தங்களை முழுவதும் ஏற்றுவதே. இது நேரம் கொல்லும் வேலை. ஓரிரு முறை நிறுத்தி இயக்கவும் நேரும். எனினும் பொறுமை வேண்டும். 2017 மே 12 அன்று வான்னாகிரை என்னும் தீநிரல் 150க்கும் மேற்பட்ட நாடுகளில் கணினிகளைப் பூட்டியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச்சு மாதமே வெளியிட்டிருந்தது. இரண்டு திங்கள் முன்பே வந்த மருந்தை உட்கொள்ளாதவர்களே நோயில் விழுந்தனர். விண்டோஸ் 10 வகைக்கு வழக்கமான இலவசத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14 உடன் நின்றுவிட்டன என்பதையும் அறிந்துகொள். உன் புதுக் கணினியில் அதைவிடப் புதிய வகையே இருக்க வேண்டும். பழைய வகையை எவரேனும் ஏற்றித் தந்திருந்தால் காரணம் கேள்.

இரண்டாவது, கணக்குகளைப் பிரித்து வைத்தல். கணினியை முழுவதும் ஆளும் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு ஒன்று. அன்றாட வேலைக்கு அதிகாரம் குறைந்த கணக்கு வேறொன்று. நீ எப்போதும் இரண்டாவதிலேயே அமர்ந்து வேலை செய். வீட்டில் நகைப்பெட்டிச் சாவி கோத்த கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு எவரும் கடைத்தெருவுக்குப் போவதில்லை. தவறிப்போய் ஒரு தீய கோப்பைத் திறந்துவிட்டாலும், அதிகாரம் குறைந்த கணக்கில் அது செய்யக்கூடிய கேடு குறைவு. உங்கள் கணினி மையத்தார் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கைத் தாமே வைத்துக்கொண்டால் மனம் வருந்தாதே. அது உன்மேல் ஐயம் கொண்டதாகாது.

மூன்றாவது, வேண்டாத மென்பொருள்களை நீக்கு. வேண்டியவற்றை நேர்வழியில் பெறு. விலையுயர்ந்த மென்பொருளை "இலவசமாக உடைத்துத் தருகிறேன்" என்று யாராவது பென் டிரைவை நீட்டினால் வாங்காதே. அது திருட்டுப் பொருள் என்பது ஒருபுறம் இருக்க, அவ்வாறு உடைத்தவன் உள்ளே வேறு எதை வைத்து மூடினான் என்பதை யார் அறிவார்? கட்டணமின்றி நேர்மையாகக் கிடைப்பவை பல உள்ளன. லிப்ரே ஆபீஸ் அவற்றுள் ஒன்று. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் என்னும் இயங்குதளமும் அத்தகையதே.

நான்காவது, வன்தட்டையே மறைமொழியாக மாற்றிவைக்கும் ஏற்பாடு. விண்டோஸில் இதனைப் பிட்லாக்கர் என்பர். கணினியைத் திருடிச் செல்பவன் வன்தட்டைக் கழற்றி வேறொன்றில் மாட்டினாலும் எதையும் படிக்க இயலாது. பேருந்தில் மடிக்கணினியை மறந்து இறங்கியவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் இதற்கு 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவி ஒன்று உண்டு. கணினி பழுதாகித் திருத்தும் நாளில் அது கேட்கப்படும். இல்லையெனில் உரியவரும் உள்ளே நுழைய முடியாது. புதிய கணினிகள் பலவற்றில் இவ்வேற்பாடு தானாகவே இயங்கத் தொடங்கிவிடுவதால், சாவி எங்கே சேமிக்கப்பட்டது என்பதை முதல் நாளிலேயே கண்டறிந்து, தாளில் அச்சிட்டு, உறையிலிட்டு, துறைத் தலைவரின் பூட்டிய அலமாரியில் வைக்கச் செய். விசைப்பலகையின் அடியில் வைப்பது வாயிற்படியின் கீழ்ச் சாவி வைப்பதை ஒக்கும்.

ஐந்தாவது, கடவுச்சொல். கணினிக் கடவுச்சொல் பரவலாக வழங்கத் தொடங்கியதே ஒரு பல்கலைக்கழகத்தில்தான். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பலர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொண்டபோது அது பயன்பட்டது. 1962-இல் ஆலன் ஷெர் என்னும் ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கப்பட்ட கணினி நேரம் போதாமையால், எல்லாருடைய கடவுச்சொற்களும் அடங்கிய கோப்பைக் கணினியைக் கொண்டே அச்சிடுவித்துக்கொண்டார். பல்லாண்டுகள் கழித்து அவரே இதை ஒப்புக்கொண்டார். கடவுச்சொல்லுக்கு எத்தனை வயதோ, ஏறத்தாழ அத்தனை வயது கடவுச்சொல் திருட்டுக்கும் உண்டு.

ஆகவே ஊர்ப் பெயரோடு பிறந்த ஆண்டைச் சேர்த்து வைக்காதே. தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்து நீளமாக வை. நீளமே வலிமை. ஓரிடத்தில் வைத்ததை வேறிடத்தில் வைக்காதே. அடிக்கடி மாற்றவேண்டும் என்று முன்னர்க் கூறிவந்தனர். வெளிப்பட்டுவிட்டது என்னும் ஐயம் எழுந்தாலன்றி மாற்றத் தேவையில்லை என்று அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2017-இலேயே தன் அறிவுரையைத் திருத்திக்கொண்டது. ஓயாமல் மாற்றச் சொன்னால் மனிதர்கள் கடைசி எண்ணை மட்டும் கூட்டிக்கொண்டே போவார்கள் என்பது அனுபவம். இவற்றோடு, கைப்பேசியில் வரும் இரண்டாம் சான்றையும் மின்னஞ்சலுக்குக் கட்டாயமாக வைத்துக்கொள். மேசையை விட்டு எழும்போது விண்டோஸ் விசையுடன் எல் என்னும் எழுத்தை அழுத்தித் திரையைப் பூட்டிவிட்டு எழு. தேநீர் குடிக்கும் பத்து நிமிடம் ஒருவனுக்குத் தாராளமாகப் போதும்.

இனி அன்றாடப் பழக்கம். சிதம்பரத்தில் ஆய்வேடு சமர்ப்பிக்கும் காலத்தில் ஜெராக்ஸ் கடைகளில் கூட்டம் நெருக்கியடிக்கும். மாணவர்களின் பென் டிரைவ்கள் கடைக் கணினியில் ஒன்றன்பின் ஒன்றாகச் செருகப்பட்டு, பின்னர் உன் மேசைக்கு வரும். கோயிற்குளத்து நீரைக் காய்ச்சாமல் குடிப்பது போன்றதே அவற்றைச் சோதிக்காமல் திறப்பது. கோப்பை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுவது நலம். இயலாதபோது முதலில் வைரஸ் சோதனை செய்தபின் திற. "துறைத் தலைவர் கேட்கிறார், உடனே அனுப்பு" என்று அவசரப்படுத்தும் மின்னஞ்சல் வந்தால், நாலு அடி எடுத்து வைத்து அவரையே நேரில் கேள். அவசரப்படுத்துவதே ஏமாற்றுபவனின் முதல் அடையாளம்.

இத்தனைக்குப் பிறகும் தவறு நேர்ந்துவிட்டால்? நேரக்கூடியதே. அப்போது வலை இணைப்பைத் துண்டித்துவிட்டுக் கணினி மையத்துக்கு அக்கணமே சொல். ஏசுவார்களே என்று அஞ்சி மறைப்பதுதான் பெருங்கேடு. மாஸ்ட்ரிக்டில் கள்வருக்குக் கிடைத்தவை ஓசையற்ற இரண்டு திங்கள்கள் அல்லவா? நம் நாட்டிலும் 2022-இல் வெளியான ஆணைப்படி, இத்தகைய நிகழ்ச்சிகளை அறிந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் செர்ட்-இன் எனப்படும் நடுவண் அரசின் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். நீ மறைத்தால் நிறுவனத்துக்கு அந்நேரம் கிட்டாது. பணம் பறிபோன செய்தியாயின் எந்தக் குடும்பமும் 1930 என்னும் எண்ணை உடனே அழைக்கலாம்.

கறையான் வரும் வழி

இதுவரை கூறியவை பூட்டின் செய்தி. கறையானுக்கு வருவோம். கறையானுக்குப் பகைமை இல்லை, பேராசை இல்லை. அது தன் இயல்பைச் செய்கிறது. வன்தட்டு ஒருநாள் நின்றுபோவதும், மழைநீர் உட்புகுவதும், கை தவறி ஒரு கட்டளையை அழுத்துவதும் அப்படிப்பட்டவையே.

சப்பான் நாட்டுக் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் 2021 டிசம்பரில் திருடன் எவனும் வரவில்லை. காப்புப் படி எடுக்கும் நிரலைச் சீர்படுத்த முயன்றபோது அதில் நேர்ந்த பிழையால், பழைய குறிப்புகளை அழிக்கவேண்டிய அந்நிரல் ஆய்வாளர்களின் கோப்புகளையே அழித்தது. 77 டெராபைட் அளவில் ஏறத்தாழ 3 கோடியே 40 லட்சம் கோப்புகள் மறைந்தன. 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. அவற்றுள் 4 குழுக்களின் கோப்புகளை மீட்க இயலவில்லை. காக்க வந்த கையே அழித்த கதை இது.

நம் சொந்தக் கதையும் ஒன்று உண்டு, வெட்கத்தோடு சொல்லுகிறோம். கடலூர்த் துறைமுகத்தில் படகும் தோணியுமாய் வாழ்ந்து முதிர்ந்த பெரியவர்கள் பலரிடம் கேட்டெழுதிய குறிப்புகளைக் கணினியில் வைத்திருந்தோம். முன்னெச்சரிக்கை உடையவர் என்னும் பெருமிதத்தோடு அவற்றை வேறொரு வன்தட்டிலும் படியெடுத்தோம். அவ்வன்தட்டை வைத்தது அதே அறையில், அதே அலமாரியின் கீழ்த்தட்டில். 2015 நவம்பரில் கடலூரைச் சூழ்ந்த வெள்ளம் அறைக்குள் புகுந்தபோது இரண்டும் ஒருசேர நனைந்தன. குறிப்புகளைத் தந்த பெரியவர்களுள் பலர் இன்று இல்லை. அவர்களிடம் மீண்டும் கேட்க வழியில்லை.

அன்றுமுதல் நாம் கைக்கொள்ளும் விதி, உலகெங்கும் கணினியார் கூறும் பழைய விதியே. மூன்று படிகள் இருக்கட்டும். அவை இரண்டு வகைக் கருவிகளில் இருக்கட்டும். ஒன்றாவது வேறு ஊரில் இருக்கட்டும். சிதம்பரத்தில் ஒன்று, கடலூரில் ஒன்று என்றால் அது வேறு ஊராகாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியபோது நம் மாவட்டத்தில் எந்த ஊர் தப்பிற்று? இரண்டும் ஒரே கடலோரம். ஒரே புயலின் பாதை. இன்னொன்றையும் மறவாதே: படிகளுள் ஒன்று, எடுத்து முடித்ததும் கணினியிலிருந்து கழற்றி வைக்கப்படவேண்டும். இணைந்தே இருப்பதைத் திருடன் சேர்த்துப் பூட்டுவான். மேலும், அலுவலகக் கோப்புகளை உன் சொந்த வன்தட்டிலோ சொந்த மின்னஞ்சலிலோ வைப்பது முறையன்று. வெளியூர்ப் படிக்குரிய இடத்தைக் கணினி மையத்தாரிடம் கேட்டுப் பெறு.

தமிழருக்கென்றே ஒரு தனிக் கறையானும் உண்டு. 1990களில் தட்டெழுதப்பட்ட தமிழ் ஆய்வேடுகள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் எழுத்துருவில் அமைந்தவை. கோப்பு பழுதின்றி இருக்கும். ஆனால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும். 1999-இல் தமிழ்நாட்டு அரசு தமிழ்99 விசைப்பலகையை ஏற்றது; 2010-இல் யூனிகோடு முறையை ஏற்றது. உன் அலுவலகத்தில் பழைய எழுத்துருக் கோப்புகள் இருப்பின், அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஓய்வு பெறுமுன் யூனிகோடுக்கு மாற்றிவிடு. புதியவற்றைத் தொடக்கத்திலிருந்தே யூனிகோடில் எழுது.

எடுத்த படி பயன்படுமா என்று பார்ப்பதும் கடமை. உ.வே.சாமிநாதையர் 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியில் முதல்வராக இருந்தவர். அக்கல்லூரியும் சேர்ந்ததே 1929-இல் உருவான இப்பல்கலைக்கழகம். ஒரு சுவடி கிடைத்ததும் அவர் மனநிறைவு கொண்டுவிடவில்லை. வேறு படிகளைத் தேடி ஊரூராய் அலைந்து, ஒன்றோடொன்று ஒப்புநோக்கிய பின்னரே அச்சிட்டார். நீயும் மூன்று திங்களுக்கு ஒருமுறை காப்புப் படியிலிருந்து ஏதேனும் ஒரு கோப்பைத் திருப்பியெடுத்து, மூலத்தோடு ஒப்பிட்டுப் பார். திறந்து பார்க்காத படியைப் படியென்று கணக்கிடலாகாது.

யாருடைய உடைமை?

ஒரு கணினிக்கு இவ்வளவு பாடா என்று நீ மலைக்கலாம். உன் மேசைமேல் இருக்கும் பெட்டி நிறுவனத்தின் உடைமை. அதனுள் இருப்பவையோ உனக்கும் உரியவையல்ல, நிறுவனத்துக்கும் முழுவதும் உரியவையல்ல. ஒரு மாணவனின் ஆதார் எண், ஒரு மாணவியின் முகவரி, ஐந்தாண்டு உழைத்தவரின் ஆய்வேடு, ஒருவரின் மதிப்பெண் ஆகியவை அவரவர் வாழ்க்கையின் துண்டுகள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி 1979-இல் தொடங்கியது. அதன்பின் எத்தனையோ ஊர்களில் பகலில் உழைத்து இரவில் படித்தோர் அதன் பட்டத்தைப் பெற்றனர். அத்தகையவர் ஒருவர் பதவி உயர்வு பெறும் நாளில், அவரது சான்றிதழின் உண்மைத்தன்மையைக் கேட்டு எங்கிருந்தோ ஒரு கடிதம் வரும். அதற்கு மறுமொழி ஒரு பதிவேட்டின் ஒற்றை வரியில் இருக்கும். அந்த வரி அழிந்திருந்தால், இருபது ஆண்டுக்குமுன் தேறியவர் தேறவில்லை என்பது போலாகிவிடும். பிறர் அவ்வரியைத் திருத்தியிருந்தால் கேடு இன்னும் பெரிது.

பிறர் பொருளை ஏற்றவர்க்குரிய கவனத்தையே உன்னிடம் கேட்கிறோம். அச்சம் வேண்டா. மேலே சொன்னவற்றைச் செய்து முடிக்க ஒரு முழு நாளும், பின்னர் வாரத்துக்கு அரைமணி நேரமும் போதும்.

வாசகப் பெற்றோர்க்கும் ஒரு சொல். நம் வீட்டுக் கணினியிலும் கைப்பேசியிலும் திருமணப் படங்களும், நிலப் பத்திரங்களின் நகல்களும், மறைந்த பெற்றோரின் குரலும் இருக்கின்றன. அவற்றுக்கு இன்னொரு படி எங்கே இருக்கிறது என்று இன்றிரவு உணவின்போது பிள்ளைகளைக் கேளுங்கள். விடை வராவிட்டால் இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வேலை இருக்கிறது.

நீ பெட்டியைப் பிரித்து, திருத்தங்களை ஏற்றி, முதற்படியும் எடுத்து முடித்தபின் ஓர் அஞ்சலட்டை போடு, அம்மா. மீட்புச் சாவி எந்த அலமாரியில் உள்ளது என்பதை மட்டும் அதில் எழுதிவிடாதே.